சூடு போட்ட பீப்பாயும் ஒட்டுக் கட்டிய வேரும் - ரோக்மோர் என்ற சிற்றூரின் கதை



ஒரு வழியாக செமஸ்டர் பரிட்சை முடிந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. "பி.காம் படிக்கிறவனுக்கு பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் என்னடா வேலை?" என்று என் பெஞ்ச்மேட் இப்போதே கேட்டுவிட்டான். வேலை இருக்கிறது. மார்க்கெட்டிங் வகுப்பில் 'பிராண்ட்' என்ற சொல்லைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் நெருப்பு, எரிப்பது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டின் மேலும் மரத்தின் மேலும் சூடு போட்டு, 'இது என்னுடையது' என்று அடையாளம் வைப்பது. நிஜமாகவே சூடு போட்டு வியாபாரம் செய்த ஊர் ஏதாவது உண்டா என்று தேடப் போனேன். கிடைத்தது ரோக்மோர். சூடு போட்ட கதையை மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஊர் என்னை விடவில்லை.

முன்னெச்சரிக்கையாக ஒன்று: கட்டுரை முழுக்க ஒயின் வரும். எழுதுபவன் திராட்சை ஜூஸைத் தாண்டிப் போனதில்லை. அம்மா, நீங்கள் படித்தாலும் கவலைப்பட வேண்டாம் :-)

ஊர் எங்கே இருக்கிறது?

பிரான்ஸின் தெற்கே, கார் மாவட்டத்தில், ரோன் நதியின் வலது கரையில் இருக்கிறது ரோக்மோர். அவிஞ்ஞோன் நகரத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். மக்கள்தொகை சுமார் ஐயாயிரத்துச் சொச்சம். நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஊர்ப் பெயருக்கு 'கரும்பாறை' என்று பொருள் சொல்கிறார்கள். அந்தப் பாறை மேல் ஒரு கோட்டை இருந்தது. இன்று மிச்சம் இருப்பது கோபுரமும் சில சுவர்களும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ஷாத்தோநெஃப்-து-பாப். ஒயின் உலகில் மிகப் பெரிய பெயர். நம்முடைய ஆள் இந்தப் பக்கம், அவ்வளவாகப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சரித்திரப் புத்தகங்களில் இந்த ஊர் எட்டிப் பார்ப்பது 1314இல். போப்பாண்டவரின் இருப்பிடத்தை அவிஞ்ஞோன் பக்கம் கொண்டுவந்த ஐந்தாம் கிளெமென்ட், சொந்த ஊர்ப்பக்கம் போகக் கிளம்பியவர், ஏப்ரல் 20ஆம் தேதி ரோக்மோரில் இறந்துபோனார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டெம்ப்ளர் வீரர்களின் தலைவரை பாரிஸில் உயிரோடு எரித்திருந்தார்கள். அவர் விட்ட சாபம்தான் போப்பைக் கொன்றது என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பியது. சாபக் கதையை நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது போப் இல்லை, துறைமுகம்.

ஆம், ரோக்மோருக்கு ஒரு ஆற்றுத் துறைமுகம் இருந்தது. ரயில் வராத காலத்தில் ரோன் நதிதான் நெடுஞ்சாலை. சுற்றியிருந்த தாவேல், லிராக், சான்-லோரான் போன்ற ஊர்களில் விளைந்த ஒயின் மாட்டுவண்டியில் ரோக்மோர் வந்து, அங்கே படகேறும். பாரிஸுக்கும், இங்கிலாந்து, ஹாலந்து போன்ற வெளிநாடுகளுக்கும் போகும். விளைவித்த ஊர்கள் பல, சரக்கு வெளியேறும் வாசல் ஒன்று. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 'வாசல்' கதையின் கடைசி வரை வரப்போகிறது.

மூன்று எழுத்து, ஒரு சூட்டுக்கோல்

பெயர் வந்தால் போலியும் வரும். இது எந்தக் காலத்திலும் மாறாத வியாபார விதி. ரோன் கரை ஒயினுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், வேறு எங்கோ விளைந்த மட்டமான ஒயினும் அதே பெயரில் சந்தைக்கு வரத் தொடங்கியது. பாரிஸில் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பீப்பாயைப் பார்த்தால் எல்லாம் ஒரே மரம்தான்.

இதைத் தடுக்க 17ஆம் நூற்றாண்டிலேயே உள்ளூரில் விதிகள் போட்டுப் பார்த்தார்கள். பிறகு 1737இல் அரசரின் ஆணையே வந்துவிட்டது. அந்த ஆணை சொன்னது இதுதான்: ரோக்மோரிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் விளைந்து, விற்பனைக்காக வெளியே போகும் ஒவ்வொரு பீப்பாயின் முகப்புப் பலகையிலும் சி, டி, ஆர் என்ற மூன்று எழுத்துகளைச் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும். பிரெஞ்சில் 'கோத் து ரோன்', அதாவது ரோன் கரைச் சரிவு என்பதன் சுருக்கம். கூடவே அந்த வருடத்தையும் பொறிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன நிபந்தனை. பீப்பாய் நிறைந்திருக்கும்போதுதான் முத்திரை குத்தலாம், காலிப் பீப்பாய்க்குக் கூடாது! ஏன் என்று யோசியுங்கள். காலிப் பீப்பாயில் முத்திரை குத்திக் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு போய் எவன் வேண்டுமானாலும் எதையும் ஊற்றிக்கொள்வான். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மாதிரி. இந்த ஓட்டையை 1737லேயே அடைத்திருக்கிறார்கள்.

வருடம் பொறித்ததும் சும்மா இல்லை. போன வருடத்து மிச்சத்தை இந்த வருடச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. நாம் பாக்கெட் பாலில் தேதி பார்க்கிறோமே, அதே சங்கதி.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை ஞாபகம் வரும். பழைய கார் சந்தையில் எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே பேசுவான். நல்ல கார் வைத்திருப்பவன் வெறுத்துப்போய்ச் சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார் மட்டும் மிஞ்சும். இதைக் கோட்பாடாக எழுதியவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. ரோக்மோர்க்காரர்கள் இதே பிரச்சினைக்கு 233 வருடம் முன்பே ஒரு சூட்டுக்கோலை வைத்துத் தீர்வு தேடினார்கள். அவர்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை :-)

இந்த முத்திரை யாரோ ஒரு முதலாளியின் பெயர் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு வட்டாரத்தின் பெயர். அதற்குள் பணக்காரத் தோட்டக்காரரும் உண்டு, கால் காணி வைத்திருந்தவரும் உண்டு. பெயர் எல்லாருக்கும் பொது. ஆகவே ஒருவன் ஏமாற்றினால் எல்லாருக்கும் நஷ்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்றின் மறுகரை ஊர்களும் இந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தன. பெயர் பன்மையாயிற்று.

இதுவரை சுபம். கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் இதை அசைன்மென்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

நியூயார்க்கிலிருந்து ஒரு பார்சல்

1850களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ரயில் பாதை வந்தது. ஆனால் ரோனின் மறுகரையில்! சரக்கெல்லாம் ரயிலுக்கு மாற, ஆற்றுத் துறைமுகத்தின் மவுசு குறைய ஆரம்பித்தது. இரண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வாட்டியது. கந்தகத் தூள் தூவி ஒரு மாதிரி சமாளித்தார்கள். ஆனால் ஒரு விஷயம் எல்லார் கண்ணிலும் பட்டது. அமெரிக்கத் திராட்சை வகைகளை இந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. 'அந்தக் கொடியையும் ஒரு கை பார்ப்போமே' என்று பலர் அமெரிக்கக் கொடிகளை வரவழைத்து வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ரோக்மோரில் ஒயின் வியாபாரம் செய்த போர்த்தி என்பவர். நியூயார்க்கில் இருந்த நண்பர் ஒருவர் வேரோடு கூடிய அமெரிக்கக் கொடிகளை ஒரு பெட்டியில் வைத்து அவருக்கு அனுப்பினார். 1862இல் போர்த்தி அவற்றைத் தன் வீட்டுத் தோட்டத்தில், தன் பழைய கொடிகளுக்குப் பக்கத்திலேயே நட்டார். இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நமக்கு ஒருவர் வெளியூரிலிருந்து ரோஜாப் பதியன் கொண்டுவந்தால் ஆசையாக நட்டு வைப்போமே, அவ்வளவுதான்.

அந்த வேரில் ஒரு பூச்சியும் சேர்ந்து வந்திருந்தது.

அமெரிக்கக் கொடிகள் ஐரோப்பாவுக்கு வந்தது அதுதான் முதல் முறை அல்ல. இருநூறு வருடமாகவே வந்துகொண்டிருந்தன. அப்போதெல்லாம் வராத பூச்சி இப்போது எப்படி வந்தது? பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்கப் பல வாரம் ஆகும். வழியிலேயே பூச்சி செத்துவிடும். நீராவிக் கப்பல் வந்த பிறகு பத்து, பன்னிரண்டு நாளில் பெட்டி கரை சேர்ந்தது. பூச்சியும் உயிரோடு இறங்கியது. போக்குவரத்து வேகமானால் வியாபாரத்துக்கு நல்லது என்றுதான் நாம் பாடத்தில் படிக்கிறோம். பூச்சிக்கும் அதுவே நல்லது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

போர்த்தி மட்டும்தான் குற்றவாளி என்று எழுதிவிடவும் முடியாது. 1863இல் லண்டன் பக்கத்தில் ஹேமர்ஸ்மித்தில் ஒரு கண்ணாடி வீட்டுத் திராட்சையிலும் இதே பூச்சி தென்பட்டது. போர்தோ பகுதியிலும் தனியாக ஒரு பரவல் தொடங்கியது. பல வாசல்கள் திறந்திருந்தன. ஆனால் தெற்கு பிரான்ஸின் கதையைச் சொல்பவர்கள் ரோக்மோரின் அந்தத் தோட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1863 வாக்கில் அடுத்த ஊரான புஜோவில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. இலை மஞ்சளாகி, சிவந்து, உதிர்ந்தது. மறு வருடம் பக்கத்துக் கொடிகள். அதற்கடுத்த வருடம் பக்கத்துத் தோட்டம். துணியில் எண்ணெய்க் கறை பரவுவது போல வட்டம் வட்டமாகப் பரவியது.

1868: ஒரே வருடம், இரண்டு பயணங்கள்

யாருக்கும் காரணம் தெரியவில்லை. மண் கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். பனி என்றார்கள், வறட்சி என்றார்கள், கடவுளின் தண்டனை என்றார்கள். செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கறுத்திருக்கும். பூச்சி எதுவும் இருக்காது.

1868 ஜூலையில் மோன்பெலியே நகரத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கிளம்பியது. தாவரவியல் பேராசிரியர் ழூல்-எமில் பிளான்ஷோன், விவசாயச் சங்கத்தைச் சேர்ந்த கஸ்தோன் பஸீல், தோட்டக்கலை நிபுணர் ஃபெலிக்ஸ் சாயூ. ரோன் நதிக்கு அந்தப் பக்கம் சான்-ரெமி அருகே ஒரு தோட்டத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். செத்த கொடிகளை விட்டுவிட்டு, பக்கத்தில் பச்சைப்பசேல் என்று நன்றாக இருந்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் முழுக்க மஞ்சள் பொடி தூவியது போல இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான சிறு பூச்சிகள், உறிஞ்சிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். அசுவினி இனத்துக்கு உறவுக்காரப் பூச்சி இது. உயிருள்ள வேரின் சாறுதான் இதற்கு வேண்டும். கொடி சாகும் நிலைக்கு வந்ததும் பூச்சி அடுத்த நல்ல வேருக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் செத்த கொடியில் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. திருடன் போன வீட்டில் திருடனைத் தேடியிருக்கிறார்கள். பெண் பூச்சி ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஒரே கோடையில் பல தலைமுறை பெருகும். பூச்சிக்கு வைத்த பெயர் ஃபில்லாக்சரா. கூடவே 'நாசகாரி' என்று பொருள்படும் லத்தீன் அடைமொழி.

அதே 1868இல் ரோக்மோரிலிருந்து இன்னொரு பயணம். இது அறிவியல் பயணம் இல்லை. மாக்ஸிமிலியான் ரிஷார் என்ற ஊர்ப் பிரமுகர், திராட்சைத் தோட்டக்காரர், ரோமாபுரிக்குப் போய் ஒரு புனிதரின் எலும்புத் துண்டுகளை விலை கொடுத்து வாங்கி வந்தார். எந்தப் புனிதர் தெரியுமா? புனித வாலண்டைன்! பிப்ரவரி 14க்குச் சொந்தக்காரர் என்று நாம் சொல்கிற அதே வாலண்டைன். அக்டோபர் 25ஆம் தேதி ஊரே கூடி வரவேற்க, அந்தத் திருப்பண்டம் ரோக்மோரின் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. காதலுக்காக இல்லை. கொடிகளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ள.

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மை. ஜூலையில் பூச்சியைக் கண்டுபிடித்தாயிற்று, அக்டோபரில் எலும்பை வைத்துக் கும்பிடுகிறார்களே என்று. பிறகு கொஞ்சம் யோசித்தேன். பூச்சியைக் கண்டுபிடித்தார்களே தவிர மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. பூச்சிதான் காரணம் என்பதையே பாரிஸில் இருந்த பல பெரிய மனிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'கொடி பலவீனமானதால் பூச்சி வந்தது, பூச்சியால் பலவீனமாகவில்லை' என்று வாதாடினார்கள். அரசாங்கம் மருந்து கண்டுபிடிப்பவருக்கு 1870இல் 20,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. 1874இல் அதை 3,00,000 ஆக்கியது. கடைசி வரை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடிக்கு அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கண் முன்னே தாத்தா நட்ட கொடி சாகும்போது, ரோமுக்குப் போக வசதி இருந்தவர் ரோமுக்குப் போனார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியாது.

விடை தோட்டத்திலேயே இருந்தது

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த இடம் இதுதான்.

போர்த்தியின் தோட்டத்தில் அவருடைய பழைய கொடிகள் வாடிச் செத்தன. பக்கத்தில் நட்ட அமெரிக்கக் கொடிகள்? அவை நன்றாகவே இருந்தன. பூச்சி அவற்றின் வேரிலும் இருந்தது. ஆனால் சாகவில்லை. ஏன் என்றால் அந்தக் கொடியும் அந்தப் பூச்சியும் அமெரிக்க மண்ணில் காலங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்தவை. பூச்சி கடித்த இடத்தைச் சுற்றி அமெரிக்க வேர் தக்கை போல ஒரு தடுப்பை வளர்த்துக்கொள்ளும். ஐரோப்பிய வேருக்கு அது தெரியாது. காயம் ஆறாது, அதன் வழியாகப் பூஞ்சை நுழையும், வேர் அழுகும்.

ஆக, நோய் நுழைந்த அதே தோட்டத்தில், அதே பெட்டியில் வந்த மருந்தும் பச்சைப்பசேல் என்று நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதை மருந்து என்று யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

படிக்கத் தெரிந்துகொள்ளச் சில வருடங்கள் பிடித்தன. 1869இல் போர்தோ பகுதியைச் சேர்ந்த லாலிமான், தன் தோட்டத்தின் அமெரிக்கக் கொடிகள் மட்டும் பிழைத்திருப்பதைச் சொன்னார். கஸ்தோன் பஸீல் ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம் என்றார். அமெரிக்காவில் மிசோரி மாநிலப் பூச்சியியல் அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரைலி, இது எங்கள் ஊர்ப் பூச்சிதான் என்று உறுதிப்படுத்தினார். 1873இல் பிளான்ஷோன் நேரில் அமெரிக்கா போய்ப் பார்த்து வந்தார். தீர்வு இதுதான்: கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கிளை. நம் ஊரில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறோமே, அதேதான். பழம் மேலே உள்ள கிளையின் குணத்தில் காய்க்கும், வேர் பூச்சியைத் தாங்கும்.

கேட்க எளிது. ஒப்புக்கொள்ள எளிதாக இல்லை. ஒரு பக்கம் மருந்துக்காரர்கள்: கார்பன் டைசல்பைடு என்ற நாற்றமெடுக்கும் ரசாயனத்தை மண்ணுக்குள் ஊசி போட்டுப் பூச்சியைக் கொல்ல வேண்டும் என்றார்கள். வசதியானவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். தண்ணீர் வசதி இருந்த சமவெளிக்காரர்கள் குளிர்காலத்தில் தோட்டத்தையே வாரக்கணக்கில் மூழ்கடித்துப் பூச்சியைக் கொன்றார்கள். சரிவில் இருந்தவனுக்கு அந்த வழியும் இல்லை. இன்னொரு பக்கம் 'அமெரிக்கர் கட்சி' என்றே அழைக்கப்பட்டவர்கள்: வேரை மாற்று என்றார்கள். "நோயைக் கொண்டுவந்தவனையே வீட்டுக்குள் குடிவைக்கச் சொல்கிறாயா?" என்ற கோபம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். தொற்று இல்லாத பகுதிகளில் அமெரிக்கக் கொடியைக் கொண்டுவரவே தடை இருந்தது.

இதற்கிடையில் கணக்கைப் பாருங்கள். 1875இல் பிரான்ஸின் ஒயின் உற்பத்தி சுமார் 84 மில்லியன் ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் என்றால் 100 லிட்டர்). 1889இல் சுமார் 23 மில்லியன். பதினான்கு வருடத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல்தான் மிச்சம். இந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் பூட்டப்பட்டன, எத்தனை பேர் நகரத்துக்கும் அல்ஜீரியாவுக்கும் மூட்டை கட்டினார்கள் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியில் வேர் மாறியது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி, ஒட்டுக் கட்டிய கொடியை நட்டார்கள். மணல் பாங்கான சில இடங்களைத் தவிர பிரான்ஸ் முழுக்க இதே கதை. இன்றும் அப்படித்தான். பிரெஞ்சு ஒயினில் மிகப் பெரும்பாலானது அமெரிக்க இனத்து வேரின் மேல் நின்றுதான் காய்க்கிறது.

மறுபடியும் அந்த மூன்று எழுத்து

சரக்கு குறைந்தால் போலி பெருகும் என்று அக்கவுண்டன்சி படிக்காதவனுக்கும் தெரியும். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து ஒயின், சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி ஒயின் என்று சந்தை நிறைந்தது. 'ஒயின் என்றால் புதுத் திராட்சையிலிருந்து வருவது' என்று 1889இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. பிறகு தோட்டங்கள் திரும்ப வந்தபோது போலியும் போகவில்லை, விலையும் ஏறவில்லை. 1907இல் தெற்கு பிரான்ஸின் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போன் நகரத்தில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின.

இந்த அடிகளிலிருந்துதான் பழைய யோசனை திரும்பி வந்தது. எந்த ஒயின் எந்த ஊருடையது என்று சட்டம் சொல்ல வேண்டும். ரோக்மோருக்கு எதிர்க்கரையில், ஷாத்தோநெஃப்-து-பாப்பில், பரோன் லெ ரோய் என்ற வழக்கறிஞர் 1923 முதல் தோட்டக்காரர்களைச் சேர்த்து, எந்த நிலம், எந்த வகைக் கொடி, எவ்வளவு விளைச்சல் என்று விதி வகுக்க வைத்தார். 1935இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1936இல் முதலில் அங்கீகாரம் பெற்றவற்றில் ரோக்மோரின் பக்கத்து ஊரான தாவேலும் ஒன்று. 1937இல் கோத் து ரோன் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சூட்டுக்கோல் ஆணை வந்து சரியாக 200 வருடம் கழித்து! 1947இல் ரோக்மோரும் இன்னும் மூன்று ஊர்களும் சேர்ந்த லிராக் என்ற தனிப் பெயருக்கும் அங்கீகாரம் வந்தது.

நம் சிலபஸில் வரும் புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999, இந்த யோசனையின் தூரத்து உறவுதான். டார்ஜிலிங் தேயிலைக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைக்கும் பாதுகாப்பின் மூத்த வடிவம், ஆற்றங்கரையில் சூடு போட்ட அந்தப் பீப்பாய்.

சரி, இதில் எது 'அசல்'?

நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். "வேர் அமெரிக்கா. அப்புறம் எப்படிடா அது ரோக்மோர் ஒயின்? அதுவே போலிதானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1737இன் ஆணை வேரைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஊரில் விளைந்தது, இந்த வருடம் விளைந்தது, நிறைந்த பீப்பாய் என்றுதான் பேசியது. அது ஒரு வாக்குறுதி. அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு 'நம்முடையது' என்று அவர்கள் நினைத்ததிலேயே மிக ஆழத்தில் இருந்ததை, வேரையே, விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. விட்டுக்கொடுத்தார்கள். மனதார இல்லை, சண்டை போட்டு, அழுது, கடன்பட்டு. வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இன்று பெயரும் இருந்திருக்காது, வேரும் இருந்திருக்காது. உலர்திராட்சையை ஊறவைத்து விற்றவன்தான் போலி. வேரை மாற்றி அதே சரிவில் அதே கிளையை வளர்த்தவன் போலி இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. முத்திரை என்பது வெளியே போகும் சரக்குக்குக் காவல். உள்ளே வரும் பெட்டிக்கு அது காவல் இல்லை. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் வெளியுலகத் தொடர்புதான், ஊரைக் கவிழ்த்ததும் அதே தொடர்புதான், கடைசியில் பிழைக்க வைத்ததும் அதேதான். வாசலை மூடியிருந்தால் பூச்சி வந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் வாசல் இல்லாத ரோக்மோருக்குச் சூட்டுக்கோலே தேவைப்பட்டிருக்காது.

புனித வாலண்டைன் இன்னும் அந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறார். பிப்ரவரியில் அந்த ஊரில் அவர் பெயரில் 'முத்தத் திருவிழா' நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு உடை போட்டுக்கொண்டு, திருப்பண்டம் வந்து சேர்ந்த நாளை நடித்துக் காட்டுகிறார்கள். பூச்சிக்கு எதிராக வாங்கி வரப்பட்டவர், இப்போது காதலர்களைப் பார்த்துக்கொள்கிறார். கொடிகளை அவர் காப்பாற்றினாரா என்று கேட்டால், கொடிகள் இருக்கின்றன, சரிவு முழுக்க. கீழே மண்ணுக்குள் பூச்சியும் இருக்கிறது. அதை இன்று வரை ஒழிக்க முடியவில்லை. சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே.

வகுப்பில் யாராவது 'பிராண்ட் என்றால் லோகோ' என்று சொன்னால், அந்த நிறைந்த பீப்பாயை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் சந்திப்போம்!